புதுப்பிப்பு: முளைகட்டிய ராகிக் கூழ், புளிப்பு வாடையும் கட்டியும் தீர்ந்தது

ஏழு மாதப் பாப்பாவுக்காக ராகி முளைகட்டினால் புளித்த வாடை வருகிறது, கூழும் கட்டிகட்டியாகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாடைக்குக் காரணம் ஊறவைத்த விதம்தான். பெங்களூரு குளிருக்கு இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று ஒரு நாள் முழுக்க அதே தண்ணீரில் விட்டிருந்தேன். எட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, நன்றாக அலசி, தண்ணீரை ஒட்ட வடித்து, பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொன்ன அக்காவின் யோசனை பலித்தது. இரண்டாம் நாள் காலையில் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் முளை! உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துச் சலித்தேன்.

கட்டிக்கு என் அவசரம்தான் காரணம், மாவைக் கொதிநீரில் கொட்டிக்கொண்டிருந்தேன். பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: அதே அளவு மாவுக்குக் கூழ் நீர்த்துப்போனது. மாவு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். முளைக்கும்போது உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படித்தான் ஆகுமாம். இப்போது அரை ஸ்பூன் கூடுதலாகப் போடுகிறேன், உப்பு, சர்க்கரை எதுவும் இல்லாமல். பாப்பா கிண்ணத்தையே பிடுங்குகிறாள்.