தை மாதம் கல்யாணம், அதற்குள் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்யலாமா?

கோவைக்காரன்:
வயது 26. முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, உச்சியிலும் மெலிகிறது. அப்பா, பெரியப்பா இருவருக்குமே முழு வழுக்கை. தை மாதம் கல்யாணம், இப்போது புரட்டாசி. ஒரு சென்டருக்குப் போனேன். டாக்டரைப் பார்க்கவில்லை, கவுன்சலர் என்று ஒருவர் தலையைப் போட்டோ எடுத்துவிட்டு 4,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) வேண்டும், இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். கட்டலாமா? செய்தபின் ஹெல்மெட் போட எத்தனை நாள் ஆகும்? கல்யாணம் முடிந்ததும் பழனியில் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருக்கிறார், அதுவும் முடியுமா?

தோல் டாக்டர்:
முன்பணம் கட்டாதீர்கள் தம்பி. தலையைத் தொட்டுப் பார்க்காமல் கிராஃப்ட் எண்ணிக்கை சொல்லும் இடம் உங்களுக்கு வேண்டாம்.

பின்மண்டையிலும் காதோரத்திலும் உள்ள முடி, வழுக்கைக்குக் காரணமான டிஎச்டி ஹார்மோனுக்கு அவ்வளவாக அசையாது, அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஆனால் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. ஆயுசுக்கும் எடுக்கக்கூடியது பெரும்பாலோருக்குச் சில ஆயிரம் கிராஃப்ட்தான். குடும்பத்தில் முழு வழுக்கை இருக்கும்போது 26 வயதில் 4,000 கிராஃப்டை முன்நெற்றியில் கொட்டிவிட்டால், 35 வயதில் உச்சி காலியாகும்போது எடுக்க எதுவும் மிஞ்சாது. சர்ஜரி முடி கொட்டுவதை நிறுத்தாது, கொட்டிய இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். கொட்டுவதைக் கட்டுப்படுத்துவது ஃபினாஸ்டரைடு மாத்திரையும் மினாக்ஸிடில் மருந்தும். டாக்டரைப் பார்த்து ஒரு வருடமாவது அவற்றை எடுத்துவிட்டு, அப்புறம் சர்ஜரியைப் பற்றி யோசியுங்கள். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும், சிலருக்கு மனச்சோர்வும் வரும், எனவே கல்யாணம் ஆகப்போகிறது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது, இதை உங்கள் வீட்டில் வரப்போகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் செய்கிறார் என்பதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். பல மணி நேரம் மரத்துப்போகும் ஊசி போடுகிற வேலை இது, அளவு கூடினால் இதயத்தையே பாதிக்கும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், டெக்னீஷியன் கூடவே இருந்து உதவலாம், அவ்வளவே. "என் தலையில் துளை போடுவது யார், அன்று முழுக்க டாக்டர் இருப்பாரா, அவசர மருந்தும் ஆக்சிஜனும் தியேட்டரில் இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேலத்தான்:
நான் செய்துகொண்டவன், அண்ணனாக நினைத்துக் கேளுங்கள். கல்யாணத்துக்குள் என்பது நடக்காது. வேர் பிடிக்க 10 நாள் போல ஆகும், அதுவரை உப்புநீர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, இரண்டு தலையணை வைத்து மல்லாந்துதான் படுத்தேன். மூன்றாம் நாள் நெற்றியில் இருந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கி இமையே திறக்கவில்லை, பயந்துபோய் போன் செய்தால், இது வருவதுதான், தானே வடியும் என்றார்கள், அப்படியே வடிந்தது. ஷவரில் நேராக நிற்கக் கூடாது, ஷாம்பு நுரையைத் தட்டி வைத்து மக்கில் மெதுவாக ஊற்ற வேண்டும். பொருக்கைச் சுரண்டவே கூடாது.

அப்புறம் நட்ட முடியெல்லாம் மூன்றாவது வாரம் வாக்கில் கொட்ட ஆரம்பிக்கும், சுற்றியிருக்கும் பழைய முடியும் கொஞ்சம் போகும். யாரும் முன்பே சொல்லாவிட்டால் நெஞ்சே நின்றுவிடும். வேர் உள்ளேதான் இருக்கிறது, மூன்று நாலு மாதத்தில் மெல்லிசாக எட்டிப் பார்க்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு அதைவிடக் கூட ஆகும். புரட்டாசியில் செய்தால் தையில், கல்யாண போட்டோவில் இப்போதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஹெல்மெட் எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அனுமதித்தார்கள், அதுவரை பஸ்தான், ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்காதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முன்னும் பின்னும் சில வாரம் நிறுத்த வேண்டும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மதுரை அக்கா:
மொட்டை விஷயம் யாரும் சொல்லவில்லையே. என் தம்பிக்கும் இதே கேள்வி வந்தது. நட்ட முடி நன்றாக வளர்ந்தபின் மழித்தால் வேருக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வருடம் போகட்டும் என்றார் டாக்டர். ஆனால் பின்னால் தோலைப் பட்டையாக வெட்டித் தைக்கும் எஃப்யூடி முறை என்றால், மொட்டைத் தலையில் காதுக்குக் காது கோடு தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்யூஇ-யில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். என்னைக் கேட்டால், அம்மா வேண்டுதலை முதலில் முடித்துவிடுங்கள். கல்யாணம், பழனி, அப்புறம் சர்ஜரி. எஃப்யூஇ-க்கு எப்படியும் தலையை ஒட்ட வெட்டத்தான் போகிறார்கள்.

கோவைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முன்பணம் கட்டவில்லை, திங்கட்கிழமை ஸ்கின் டாக்டரைப் பார்க்கிறேன். மினாக்ஸிடில் ஆரம்பித்தால் முதலில் இன்னும் கொட்டும் என்கிறார்களே, கல்யாண நேரத்தில் ஆரம்பிக்கலாமா?

தோல் டாக்டர்:
முதல் சில வாரங்கள் கொட்டலாம், அது மருந்து வேலை செய்வதால் வருவது. இப்போதே ஆரம்பித்தால் பெரும்பாலும் தைக்குள் அந்தக் கட்டம் தாண்டிவிடும். மார்கழியில் புதிதாகத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் இடையில் விடாதீர்கள், விட்டால் அதனால் கிடைத்தது எல்லாம் சில மாதத்தில் போய்விடும்.