தாவுல் தேவாலய ஓவியம்: மலையில் பார்ப்பதா, பார்சிலோனாவிலா?

மலைப்பாதை:
ஜூனில் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். பிரனீஸ் மலையில் தாவுல் என்ற ஊரில் இருக்கும் சான் கிளிமென்ட் தேவாலயத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. ஆனால் அங்கிருந்த கிறிஸ்து ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்து பார்சிலோனா மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கிட்டத்தட்ட 800 வருஷம் இருந்ததை ஏன் எடுத்தார்கள்? இனி அவ்வளவு தூரம் மலையேறிப் போகத்தான் வேண்டுமா?

சுண்ணச்சுவர்:
எடுக்காவிட்டால் கடல் கடந்து போயிருக்கும். அதே மலைநாட்டில் முர் என்ற இடத்துத் தேவாலய ஓவியத்தை 1919-இல் விலைபேசிப் பெயர்த்துவிட்டார்கள், இன்று அது பாஸ்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதைக் கண்டு பதறித்தான் பார்சிலோனா மியூசியக்காரர்கள் இத்தாலிய நிபுணர்களை வைத்து 1923-க்குள் மற்ற ஓவியங்களை எடுத்தார்கள். ஓவியத்தின் மேல் துணியை மிருகப் பசையால் ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, மெதுவாக உரித்தால் வண்ணப் படலம் துணியோடு வந்துவிடும். சுருட்டிக் கோவேறு கழுதைமேல் ஏற்றி மலையிறக்கி, அப்புறம் பின்பக்கம் புதுத்துணி ஒட்டி, முன்பக்கத் துணியைக் கரைத்து எடுப்பார்கள்.

பழங்கோபுரம்:
காப்பாற்றியது சரிதான். ஆனாலும் அந்த ஓவியம் அந்தச் சுவருக்காகவே வரைந்தது, அதை மறக்கக் கூடாது. 1123 டிசம்பர் 10-இல் ரமோன் ஆயர் இந்தத் தேவாலயத்தை அர்ச்சித்தார், மறுநாளே அதே ஊரிலுள்ள சாந்தா மரியாவையும். கட்டியவர்கள் எரில் பிரபுக்கள், போரில் சேர்ந்த பணம். பின்னால் அந்தப் பள்ளத்தாக்கு ஏழ்மையில் விழுந்தது, இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை, அதனால்தான் இவ்வளவும் நமக்கு மிஞ்சியது. கட்டாயம் போங்கள்.

நீலவண்ணம்:
முதலில் பார்சிலோனா, பிறகு மலை, இந்த வரிசையில் பாருங்கள். மியூசியத்தில் ஓவியம் இருந்த அந்த வளைந்த கூரையின் வடிவத்தையே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்து கையிலுள்ள புத்தகத்தில் ‘உலகின் ஒளி நானே’ என்று லத்தீனில் இருக்கும். அதோடு திரும்பிவிடாதீர்கள், வளைவின் உட்பக்கத்தில் பைபிள் கதையில் பணக்காரன் வாசலில் கிடக்கும் ஏழை லாசரின் புண்ணை ஒரு நாய் நக்குகிறது பாருங்கள், எனக்கு அந்த முழு ஓவியத்திலும் மனசைப் பிசைவது அந்த இடம்தான். நீலம் பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்தில் செய்தது. அப்புறம் தாவுல் போனால் வெற்றுச் சுவரில் அதே ஓவியத்தை ஒளியால் காட்டுகிறார்கள், 2013-இலிருந்து. ஒளி அணைந்த பிறகும் பைபிளில் வரும் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் துண்டு ஓவியம் சுவரிலேயே இருக்கும். அது அசல்.

மலைப்பாதை:
நன்றி நண்பர்களே. அப்படியென்றால் பார்சிலோனாவில் ஒரு நாள் கூட்டிக்கொள்கிறோம். ஒளிக்காட்சிக்கு நேரம் குறித்திருப்பார்கள்தானே?

நீலவண்ணம்:
ஆமாம், குறிப்பிட்ட நேரங்களில்தான். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கோபுரத்தில் ஏறவும் நேரம் விடுங்கள்.