விளையாட்டை நிறுத்தும் நேரம்: ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். மூன்று வயதுக் குழந்தைகள் 14 பேரைப் பார்த்துக்கொள்கிறேன். விளையாட்டை முடித்துக் கை கழுவப் போகும் நேரம்தான் பெரும்பாடாக இருக்கிறது. 5 நிமிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். முட்டி போட்டு அமர்ந்து, முகம் பார்த்துப் பேசுகிறேன். "ஓடாதே" என்பதை விட்டு "மெதுவாக நடந்து வா" என்று சொல்லத் தொடங்கியதில் நல்ல பலன் தெரிகிறது. ஆனாலும் ஒரு குழந்தை மட்டும் மரக்கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறாள். நேற்று அவள் கடைசிக் கட்டையை வைப்பதற்குள் கூப்பிட்டுவிட்டேன். அது என் தவறுதான். ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று இந்த வயதில் எப்படிப் புரியும்? படம் ஒட்டிய அட்டவணை, மணல் கடிகாரம், பாட்டு: உங்களுக்கு எது கைகொடுத்தது? நான் அவளருகே உட்கார்ந்திருக்கையில் மற்ற 13 பேரை என்ன செய்யச் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.