குரூப் 2-க்குத் தனியாக ஒரு கோச் வைத்துக்கொள்வது தேவைதானா?

கணக்குப்பிள்ளை:
கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை, காலை 9 மணிக்குப் போனால் திரும்ப இரவு 8 ஆகிவிடும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பிரிலிம்ஸ் தாண்டி மெயின்ஸில் கோட்டை விட்டேன். மெட்டீரியல் வீடு நிறைய கிடக்கிறது, உட்கார்ந்து படிப்பதுதான் நடக்கவில்லை. ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசுவாராம், படிப்போடு வாழ்க்கை இலக்கையும் சேர்த்துப் பார்ப்பாராம், மாதம் 4000. அடுத்த வருடம் தங்கை கல்யாணம் வேறு. கொடுக்கலாமா?

தேன்மொழி:
தம்பி, நான் ஹெச்ஆரில் இருக்கிறேன், எங்கள் ஆபீஸில் மேனேஜர்களுக்கு கோச் வைப்பார்கள். கோச் உங்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்க மாட்டார். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, இந்த வாரம் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அடுத்த வாரம் அதைச் செய்தீர்களா என்றும் கேட்பார், அவ்வளவுதான் அவர் வேலை. நம் ஊரில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் தேவையில்லை, அதனால் ஐசிஎஃப் (கோச்சுகளுக்கான சர்வதேச அமைப்பு) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஆரம்ப நிலையான ஏசிசி வாங்கவே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். "பாஸ் கேரண்டி" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

பழைய பேட்ச்:
4000 எதற்குங்க? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்பு இலவசம், உங்களுக்கு நேரம் ஒத்துவருமா என்று மட்டும் நேரில் கேட்டுப் பாருங்கள். பிரிலிம்ஸ் 200 கேள்வியும் கொள்குறி வகை, தனியாகவே தேறிவிடலாம், உங்களுக்கே தெரியும். மெயின்ஸில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், தமிழ்த் தகுதித் தாளில் 100-க்கு 40 வராவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துச் சிவப்பு மையில் கிறுக்கித் தருகிற ஆள்தான் வேண்டும். உட்கார வைக்க ஒரு நண்பன் போதும்.

ராத்திரி ஆந்தை:
நண்பன் எல்லாம் வேலைக்காகாது ப்ரோ. "விடு மச்சி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான், அப்புறம் இருவரும் டீக்கடையில்தான் நிற்பீர்கள். காசு கொடுத்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. என் கோச் முதலில் அட்டவணை எதுவும் போடவில்லை, நேரம் எங்கே போகிறது என்று எழுதச் சொன்னார். இரவு 10 மணிக்கு மேல் படித்தது ஒன்றும் தலையில் ஏறவில்லை என்பது எழுதிப் பார்த்ததும் தெரிந்தது, விடியற்காலைக்கு மாற்றினேன் (பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை). பேங்க் தேர்வுக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தேன், எது முதலில் என்று அவர் விடாமல் கேட்டதில்தான் அதைத் தள்ளிவைத்தேன். வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
நன்றி அக்கா, சான்றிதழ் கேட்கிறேன். ஆந்தை, உங்கள் கோச் மெயின்ஸ் விடைகளைத் திருத்தினாரா?

ராத்திரி ஆந்தை:
இல்லை, அது அவர் வேலையே இல்லை. அதற்குத் தனியாக டெஸ்ட் பேட்ச் சேர்ந்தேன். இரண்டுக்கும் காசு பத்தாது என்றால் டெஸ்ட் பேட்ச் எடுங்கள், கோச் அப்புறம்.

பழைய பேட்ச்:
அதைத்தானேய்யா நானும் சொன்னேன்.