பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் புகையிலை: எப்போதாவது போடுவதா, அடிமைத்தனமா?

கேள்வி (ஒரு தாய், காரைக்குடி):

என் மகனுக்கு வயது 16. அவனுடைய அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரில் வேலையில் இருப்பதால் வீட்டில் நானும் அவனுடைய அப்பத்தாவும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம். சென்ற மாதம் துணி துவைக்கும்போது அவனுடைய கால்சட்டைப் பையில், உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் புகையிலையின் காலிப் பொட்டலம் இருந்தது. கேட்டதற்கு, நண்பர்கள் கொடுத்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போட்டுக்கொள்வதாகவும், நினைத்தால் நாளைக்கே விட்டுவிட முடியும் என்றும் சொன்னான். நானும் நம்பினேன்.

அதன்பிறகு முன்னோரை வணங்கும் படைப்புக்காக ஊரில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் மூன்று நாட்கள் தங்கினோம். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தான். இரண்டாம் நாள் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காராமல் முகப்புக்கும் உள்முற்றமான வளவுக்குமாக நடந்துகொண்டிருந்தவன், ஒன்றுமில்லாத காரியத்துக்குச் சின்னப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தான். மதியம் ஏதோ வாங்க வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் திரும்பியபோது வேறு ஆளாக, சிரித்த முகத்தோடு வந்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காரமில்லாமல் ஒரு கவளம் இறங்காத பிள்ளை, இப்போது குழம்பு ஊற்றினால் வாய் எரிகிறது என்று தயிர்ச் சோறு மட்டும் கேட்கிறான். இந்த வயதுப் பையன்கள் எல்லோரும் இப்படித்தான் என்கிறார் அப்பத்தா. வயதுக் கோபத்தையும் அடிமைத்தனத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1 (பல் மருத்துவர், தேவகோட்டை):

சகோதரி, நீங்கள் கவனித்த அந்த அரை மணி நேரம்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி. வயதின் கோபத்துக்குக் கடிகாரம் கிடையாது. நிக்கோட்டின் கேட்கும் உடம்பின் எரிச்சலோ கடைசியாகப் போட்ட நேரத்திலிருந்து கணக்காக ஏறும். மறுபடி போட்டதும் சட்டென்று இறங்கும். ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. பழகிய உடம்புக்குப் பொருள் கிடைக்காமல் போனால், ஒரு நாளுக்குள் பதற்றம், எரிச்சல், மனம் ஒன்றாமை, தூக்கக் குறைவு, அதிகப் பசி ஆகியவை தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃப்ரான்சா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தினமும் புகைக்கத் தொடங்குவதற்கு முன்பே, சிலருக்குத் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளாகவே, அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தெரிந்தன. மூளையின் வளர்ச்சி ஏறக்குறைய 25 வயது வரை நடப்பதால் இளம் வயதில் நிக்கோட்டின் பிடி விரைவில் இறுகிவிடுகிறது. அக்குழுவினர் பின்னர் உருவாக்கிய 10 கேள்விகளில் ஒன்று கூட எத்தனை முறை, எத்தனை எண்ணிக்கை என்று கேட்பதில்லை. விட முயன்று முடியாமல் போனதுண்டா, அடக்க முடியாத ஏக்கம் வருகிறதா, பள்ளி போன்ற இடங்களில் போடாமல் இருப்பது கடினமாக இருக்கிறதா, போடாதபோது படிப்பில் மனம் ஒன்றாமல் எரிச்சலும் அமைதியின்மையும் வருகிறதா என்றுதான் அவை கேட்கின்றன. ஒன்றுக்கு ஆம் என்றாலே கட்டுப்பாடு கையை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உதட்டில் ஒதுக்குவதைச் சிகரெட்டைவிடக் குறைந்த கெடுதல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இத்தகைய பொருள்கள் பலவற்றில் சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால், நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியாக எளிதில் உள்ளே போகிறது. சிகரெட்டைவிட நீண்ட நேரம் ரத்தத்தில் நிற்கிறது. புகையும் வராது, வாடையும் குறைவு என்பதால் வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ள முடிகிறது.

வாய் எரிச்சலைத் தள்ளிப் போடாதீர்கள். பாக்குக் கலந்த பொருளை மெல்லுபவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோயின் முதல் அறிகுறி, பெரும்பாலும் காரம் தாங்க முடியாமல் போவதுதான். நம் பக்கத்துச் சாப்பாட்டில் அது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது என்பதை ஒரு நன்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய மூன்று விரல்களை நெட்டுவாட்டில் அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கீழுதட்டின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ சுருக்கமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுவயல்):

ஆச்சி, முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன். இடைவேளை மணிக்கு முந்தைய பத்து நிமிடங்களில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பையன், தண்ணீர் குடிக்க என்று ஒரே நேரத்தில் தினமும் வெளியே கேட்கும் பையன், வகுப்பில் வாயைத் திறந்து பதில் சொல்லத் தயங்கும் பையன், பையில் எப்போதும் கிராம்போ புதினா மிட்டாயோ வைத்திருக்கும் பையன், இவர்களை நான் கூர்ந்து பார்ப்பேன். தனித்தனியாக இவற்றுக்கு அர்த்தமில்லை. சேர்ந்து வந்தால் உண்டு.

பெரியப்பச்சி, அம்மான் எல்லோரையும் கூட்டி வைத்து அவனை விசாரிக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி விசாரிக்கப்பட்ட மாணவர்கள் பழக்கத்தை விட்டு நான் பார்த்ததில்லை. மறைக்கும் வித்தையைத்தான் கற்றுக்கொண்டார்கள். கேட்க வேண்டிய இடம் வேறு. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பள்ளிக்கு எதிரே பொட்டலம் தொங்கவிட்டிருக்கும் கடையைப் பார்த்தும் பேசாமல் போன நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பதில் 3 (பள்ளத்தூர், வயது 23):

ஆச்சி, நான் பதினைந்து வயதில் தொடங்கி இருபதில் விட்டவன். உங்கள் மகன் சொல்லும் அதே வாக்கியத்தை நானும் என் ஆத்தாவிடம் சொன்னேன். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. முதலில் கிறுகிறுப்பும் குமட்டலும் இருந்தன. அவை நின்றுபோனதைப் பழகிவிட்டது என்று பெருமையாக நினைத்தேன். அதன்பின் ஒன்று போதாமல் இரண்டு தேவைப்பட்டது. எனக்கு உண்மை புரிந்தது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில்தான். விடை தெரிந்த கேள்வியையே மூன்று முறை படித்தேன். மனம் முழுவதும் தேர்வறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்த பையில் இருந்தது.

நான்கு முறை விட்டு நான்கு முறை தொடங்கினேன். ஐந்தாவது முறை 1800 11 2356 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தேன். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுகிறார்கள். ஏக்கம் வரும்போது அது சில நிமிடங்களில் தணியும், அதுவரை தள்ளிப் போடு என்று சொல்லிக் கொடுத்ததுதான் எனக்கு மிகவும் உதவியது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பத்தா தூங்கிய பிறகு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் அவனோடு தனியாக உட்கார்ந்து, எத்தனை என்று கேட்காமல், போடாத நாளில் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், கணக்கு வகுப்பில் எதுவும் ஏறவில்லை, இரண்டு முறை விட்டுப் பார்த்தேன் முடியவில்லை என்று சொல்லி அழுதான். மூன்று விரல்கள் உள்ளே போகின்றன. ஆனால் கீழுதட்டில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. நாளை மருத்துவரிடம் போகிறோம். மருந்துக் கடையில் நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் கிடைக்கிறது என்கிறார்களே, வாங்கிக் கொடுக்கலாமா?

பதில் 1 (பல் மருத்துவர், தேவகோட்டை):

நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவன் வயதுக்கு முதலில் ஆலோசனை. மருந்து தேவையா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அந்தத் திட்டு, பொருளை வைப்பதை நிறுத்தினால் சில வாரங்களில் மறைவதுண்டு. மறையாவிட்டால் சோதித்தே ஆக வேண்டும். ஆகவே நாளை பார்ப்பவரிடம் அடுத்த வருகைக்கான தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.