கடவுள் என்னும் சொல்லுக்கு வரையறை என்ன?

கேள்வி:
கடவுள் இருக்கிறாரா என்று வாதிடுவதற்கு முன்பே, அச்சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டாமா? எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் இருப்பது என்று பலர் விளக்குகின்றனர். அழகான விளக்கம்தான், ஆனால் அதை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ வாதிட வழியில்லை. வாதத்துக்கு உட்படும் வரையறை நம் மரபில் உண்டா?

மறுமொழி 1:
உண்டு ஐயா. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் 12 நூற்பாக்களில் முதலாவதே இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்றும், ஒடுங்கிய இடத்திலிருந்தே அது மீண்டும் தோன்றுவதால் ஒடுக்குபவனே முதல்வன் என்றும் அது வாதிடுகிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் தொடக்கமற்றவை என்பதால், ஒன்றுமில்லாததிலிருந்து அனைத்தையும் படைத்தவர் என்ற வரையறை இங்குப் பொருந்தாது. பலரும் இதைக் கவனிக்காமலே சைவத்தை மறுக்கப் புகுகின்றனர் என்பது என் வருத்தம்.

மறுமொழி 2:
வாதம் கூர்மையானதே, எனினும் ஒன்று கேட்கிறேன். பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றி அழிவதைக் காண்கிறோம். உலகம் முழுவதும் ஒருசேர ஒடுங்கியதை யார் கண்டார்? சமணர் உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று கூறிப் படைப்போனை மறுத்தனர்; ஆயினும் வினைகளை வென்ற அருகனை இறைவன் என்றே வணங்கினர்.

கேட்டவர்:
அப்படியானால் சமணரை நாத்திகர் என்பதா, வேண்டாமா என்பதும் வரையறையைப் பொறுத்ததே. முதல் நூற்பாவை உரையுடன் படித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.