7 வயதுக் குழந்தைக்கு இடது டெம்போரல் அறுவை சிகிச்சை: மொழிப் பகுதியைக் கண்டறிய எஃப்எம்ஆர்ஐ போதுமா?

கேள்வி:
3 வயதில் வலிப்பு தொடங்கிய குழந்தை, இடது டெம்போரலில் (காதுப் பக்க மூளை மடல்) கார்ட்டிகல் டிஸ்பிளேசியா (மூளைப் புறணி சரியாக உருவாகாத இடம்). வினைச்சொல் சொல்லவைத்து எடுத்த எஃப்எம்ஆர்ஐயில் (மூளை வேலை செய்யும் இடத்தைக் காட்டும் ஸ்கேன்) இருபுறமும் செயல்பாடு தெரிகிறது. இடது-வலது குறியீடு 0.1 தான் (0 என்றால் இரு பக்கமும் சமம்). இதை வைத்து வெட்டும் எல்லையை முடிவு செய்யலாமா? இல்லை, வாடா பரிசோதனையும் (ஒரு பக்க மூளையை மருந்தால் சற்று நேரம் செயலிழக்கவைத்துப் பேச்சைச் சோதிப்பது) வேண்டுமா?

பதில் 1:
இந்த ஸ்கேனை வைத்து எல்லை போடாதீர்கள். வினைச்சொல் டாஸ்க் பெரும்பாலும் முன்மடலைத்தான் காட்டும். நீங்கள் வெட்டப்போவது டெம்போரல். கேட்டுப் புரிந்துகொள்ளும் டாஸ்க் கட்டாயம் சேர்க்கவும்: "தும்பிக்கை உள்ள மிருகம் யானை" என்று கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்; "பூனை" என்றால் அழுத்தக் கூடாது. 30 விநாடி இது, 30 விநாடி தலைகீழாக ஓடும் பேச்சு, மாறி மாறி. தலை அசைவு வரைபடத்தையும் பாருங்கள். ஸ்கேனுக்குச் சற்று முன் வலிப்பு வந்திருந்தாலும் பக்கம் தவறாகக் காட்டலாம்.

பதில் 2:
வாடா இந்த வயதில் சிரமம். கரோட்டிட் எனும் கழுத்துத் தமனியில் மருந்து போனதும் கை தளர்ந்து குழந்தை மிரண்டு அழும். பேச்சு நின்றது மருந்தாலா பயத்தாலா என்று பிரிக்க முடியாது. அப்படியே முடிந்தாலும் எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. இடம் தெரிய மூளையில் எலெக்ட்ரோடு வைத்து, மின்சாரத்தால் தூண்டி, பேச்சு எங்கே தடைபடுகிறது என்று பார்க்கத்தான் வேண்டும்: 50 ஹெர்ட்ஸ், 0.3 மில்லி விநாடி பல்ஸ், 3 முதல் 5 விநாடி. 1 மில்லி ஆம்பியரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டவும். குழந்தை மூளைக்குத் தூண்டல் வரம்பு (விளைவு தெரியத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம்) அதிகம், பல்ஸை நீட்ட வேண்டிவரும். ஆஃப்டர்டிஸ்சார்ஜ் (தூண்டலை நிறுத்திய பிறகும் தொடரும் வலிப்பு போன்ற மின் அலை) ஓடும்போது வந்த தவறைக் கணக்கில் எடுக்காதீர்கள்; அடங்கும்வரை காத்திருங்கள். தூண்டியும் பேச்சு நிற்கவில்லை என்பதற்காக அங்கே மொழி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஹை-காமா (பேசும்போது மூளையில் தானாக எழும் வேகமான மின் அலை) பதிவும் சேர்ந்தால் நல்லது, அதற்குத் தூண்டலே வேண்டாம்.

பதில் 3:
தூண்டும்போது பெயர் சொல்லவைக்கும் படங்களை முந்தின நாளே காட்டி, தடுமாறாமல் சொல்வதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இது..." என்று தொடங்கிச் சொல்லப் பழக்குங்கள். "இது" வந்து "பூனை" வரவில்லையென்றால் பெயர் தடைபட்டிருக்கிறது. "இது" என்பதே வரவில்லையென்றால் நாக்கை அசைக்கச் சொல்லிப் பாருங்கள்; அதுவும் நின்றால் அது மொழி இல்லை, அசைவு.

கேள்வி கேட்டவர்:
வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு. எதில் சோதிப்பது?

பதில் 3:
இரண்டிலும். ஒரே எலெக்ட்ரோடு ஒரு மொழியை நிறுத்தி மற்றதை விட்டுவிடுவது உண்டு. வரைபடத்தில் இரண்டையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள்.